வெள்ளணுக் கொடை

ஓசூர்ச் சாலை நம் தமிழ்க் குடும்பங்கட்குப் பழகிய சாலை. பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்கள் பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவ வளாகத்தைக் கடந்தே சென்றிருப்பார்கள். கிரண் மஜும்தார் ஷா அம்மையாரும், டாக்டர் சித்தார்த்த முகர்ஜியும், குஷ் பார்மரும் சேர்ந்து 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய இம்யூனீல் நிறுவனம் அவ்வளாகத்திலேயே தன் ஆய்வுக்கூடத்தை அமைத்தது. புற்றுநோயாளியின் குருதியிலுள்ள வெள்ளணுக்களையே அவருக்கு மருந்தாக்கித் தருவது அதன் பணி.

இஃது எங்ஙனம் இயலும்? வெள்ளணுக்களுள் 'டி' அணு என்பது உடலின் காவற்படை. புற்று உறவினன்போல் வேடமிட்டு நிற்பதால் காவலன் அதனை அறியாது விட்டுவிடுகிறான். அறிஞர்கள் அவ்வணுக்களை வெளியே எடுத்து, தீங்கு நீக்கிய வைரஸ் ஒன்றின் துணையால் புதிய மரபணுவைப் புகுத்திப் பகைவனை அடையாளம் காணச் செய்து, பன்மடங்கு பெருக்கி, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். 2012-இல் பிலடெல்பியாவில், வேறு மருந்துகள் கைவிட்ட ஆறு வயதுச் சிறுமி எமிலி ஒயிட்ஹெட் இம்முறையால் பிழைத்தாள். அமெரிக்காவில் இம்மருந்தின் விலையோ மூன்று கோடி ரூபாய்க்கு மேல்! பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் கூடி ஆக்கிய மருந்து 2023 அக்டோபரில் நம் நாட்டில் ஒப்புதல் பெற்றது. இம்யூனீலின் மருந்து 2025 சனவரியில் வெளிவந்தது.

நோயாளியின் அணுவே மருந்தாகுமெனில், நலமுள்ளோர் அணு எதற்கு? கடுமருந்துகளால் நோயாளியின் அணுக்கள் பெரும்பாலும் சோர்ந்திருக்கும். புது முறையைச் சோதிக்கவும், பலருக்கும் பயன்படும் மருந்தை ஆயத்தமாக வைக்க இயலுமா என்று ஆராயவும், நலமுள்ள அணுக்கள் வேண்டும்.

கொடுக்கும் முறை, டெங்குக் காலத்தில் தட்டணு கொடுத்தவர்கட்குத் தெரிந்ததே. ஒரு கையிலிருந்து குருதி பொறிக்குட் சென்று சுழலும். மத்தாற் கடைந்த தயிரில் வெண்ணெய் பிரிவதுபோல் வெள்ளணு பிரியும். எஞ்சியது மறு கை வழியே திரும்பும். மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். உறையாதிருக்கச் சேர்க்கும் மருந்தால் உதடு சற்று மரமரக்கும். சுண்ணச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். போன அணுக்களை எலும்பு மச்சை சில நாட்களில் ஈடுசெய்துவிடும்.

ஆகவே நம் கவலை ஊசியைப் பற்றியதன்று, தாளைப் பற்றியது. ஆலைத் தொழிலாளியான அன்பர் ஒருவர் ஆய்வுக்கு வெள்ளணு தர இசைந்து, அவர்கள் தந்த ஒப்புதல் தாளை நம்மிடம் கொண்டுவந்தார். பக்கம் பக்கமாக ஆங்கிலம். கையொப்பமிடும் இடத்தில் மட்டும் பென்சிற்குறி. "எங்கே போடுவது என்று தெரிகிறது ஐயா, எதற்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை" என்றார். நமக்குச் சுருக்கென்றது. கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும், எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்பவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளிலேயே உள்ளன. கேட்பது அடம் பிடிப்பதாகாது.

அவருடன் அமர்ந்து கேள்விகளை எழுதினோம். அணுக்களை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்? மரபணுவைப் படிப்பார்களா? வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பார்களா? நாளை அதனால் வரும் இலாபத்தில் நமக்குப் பங்குண்டா என்று அவர் மனைவியார் ஒன்றைச் சேர்த்தார். நாம் நினையாத கேள்வி அது!

இரு வாரங்கள் கழித்துத் தமிழ்த் தாள் வந்தது. இலாபத்தில் பங்கு இல்லை என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. அம்மையார் அதை உரக்கப் படித்தார், இருமுறை. பின்னர் அவர் கையொப்பமிட்டார்.