'நான் இந்த டைப்' என்பவர்களுக்கு

நல்லூர்ப் பக்கமிருந்து விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். சூளையிலிருந்து எடுத்த கப்புகளில் மயிரிழை விரிசல். மேஸ்திரி கேட்பது இரண்டே கேள்வி: கிளேஸ் பூச்சு என்ன கலவை, சூடு எவ்வளவு? ஆறும்போது அடியிலுள்ள மண்ணைவிட கிளேஸ் அதிகம் சுருங்கினால் விரிசல் விடும். கலவையை மாற்றினால் சரியாகிவிடும். இளைஞரோ யாரிடமும் பேசாமல், "எனக்குக் கைவேலை வராது, நான் அந்த டைப்" என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருக்கிறார்.

ஆளுமை வகைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத்தான் 'லூப்' என்கிறார்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலை வைத்து, அமெரிக்கத் தாயும் மகளுமான கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் 16 வகைகளை உருவாக்கினார்கள். அதன்படி நம் மனதுக்கு ஒரு முதன்மைப் பழக்கம் உண்டு. அதைச் சமன்செய்ய ஒரு துணைப் பழக்கமும் உண்டு. முதலாவது உள்நோக்கியதென்றால் துணை வெளியே பார்க்கும். நெருக்கடியில் அந்தத் துணையைக் கைவிட்டால் புதுத் தகவல் எதுவும் உள்ளே வராது. மனம் அரைத்ததையே அரைக்கும். வெளிநோக்கிகளுக்கு நேர்மாறு: ஓடிக்கொண்டே இருப்பார்கள், நின்று யோசிக்க மாட்டார்கள்.

இந்த வகையைக் கண்டறியும் தேர்வைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு வேறு வகை வருகிறது. எனவே முத்திரையை நம்ப வேண்டியதில்லை. லூப் பற்றிய கவனிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முத்திரை விஷயத்தில் யுங்கே சறுக்கியவர்தான். மனிதர்களுக்கு முத்திரை குத்துவது சிறுபிள்ளை விளையாட்டு என்று 1934இல் கண்டித்தார். ஆனாலும் 1937–38இல் இந்தியா வந்தவர், திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்க்கவில்லை. ரமணர் என்றைக்கும் இருந்துவரும் ஒரு வகை, தேடிப்போகத் தேவையில்லை என்று பிற்பாடு காரணமும் எழுதினார். ஆளைப் பார்க்காமலே வகையில் அடைத்தாயிற்று!

லூப்பிலிருந்து வெளியே வர வழி, மேஸ்திரியின் கேள்விகள்தாம். 'நான் எப்படிப்பட்டவன்' என்பதை விட்டு 'என்ன நடந்தது' என்று ஒரு தாளில் எழுதுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு தோல்வியை வைத்து மொத்த வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதுவதை, மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் சிந்தனைத் திரிபுகளில் ஒன்றாகச் சேர்த்தார். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் கேட்பதே அவருடைய சிகிச்சையின் மையம்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் டைப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.