புது ஊரும் புகைப்படப் பெட்டியும்

உத்தியோக நிமித்தமாக ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊரில் குடியேறுகிறவர்களுக்கு, வந்த முதல் வாரத்திலேயே அவ்வூர்ப் பெருமைகள் அனைத்தும் காட்டப்பட்டுவிடுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தபோதும் அவ்வாறே நடந்தது. மகாமகக் குளம், சாரங்கபாணி கோயிலின் 11 நிலைக் கோபுரம், கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு ஆகிய எல்லாவற்றையும் சக ஆசிரியர்கள் அன்புடன் அழைத்துச் சென்று காட்டினார்கள். நம் கையில் காமிரா இருந்தது; ஆயினும் அதைத் திறக்கவில்லை. அந்தக் கோபுரத்தை நம்மைவிடத் திறமைசாலிகள் ஆயிரம் பேர் படம் பிடித்துவிட்டார்கள். அன்றியும், கோபுரத்தைக் கண்டவன் ஊரைக் கண்டவன் ஆகிவிட மாட்டான் என்பது நம் அபிப்பிராயம்.

ஆகவே ஞாயிறுதோறும் விடியற்காலையில் புறப்பட்டு, யாரும் பார்க்கத் தக்கதென்று சொல்லாத காட்சிகளையே படம் பிடிப்பதென்று தீர்மானித்தோம். காப்பிக் கடை வாசலில் கழுவிக் கவிழ்த்த பித்தளை டபராக்கள். பாத்திரக் கடைக்காரர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாத்தி வைப்பது. கோலத்தை மிதிக்காமல் சைக்கிளை ஒடித்துத் திருப்பும் பால்காரர். இவை என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நாளை நாம் வாழப்போவது இவற்றின் நடுவில்தான்.

நம் தேசத்தில் புகைப்படக் கலை தொடங்கிய வரலாற்றையும் இங்கே சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். 1858-ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான காப்டன் லின்னேயஸ் டிரைப், தஞ்சை, ஸ்ரீரங்கம், மதுரை முதலிய தலங்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டினார். அபாரமான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய படங்களில் கோயில்கள் பெரும்பாலும் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. காமிராவை வெகு நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்த காலம் அது. நடமாடுகிறவர்கள் படத்தில் பதிய மாட்டார்கள். பிறகு 1868 முதல் 1875 வரை ஆங்கில ஆட்சியினர் 'இந்திய மக்கள்' என்னும் 8 தொகுதிகளை வெளியிட்டார்கள். அவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை, குலத்தின் பெயரே இருக்கிறது. பூச்சிகளைக் குத்தி வைத்துப் பெயர் ஒட்டுவது போன்ற அந்தப் பார்வை அந்நியருக்கு மட்டும் உரியதல்ல. பூ விற்கும் கிழவியைத் தூரத்தில் நின்று, அவள் அறியாமல் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் நம்மவரும் அதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். சட்டைப் பையிலுள்ள தொலைபேசியே காமிராவாகிவிட்ட பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது.

எனவே பெயரைக் கேட்டுப் பழகாமல் யாரையும் படம் எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். கடைத் தெருவில் வெற்றிலை விற்கும் மூதாட்டி ஒருத்தியிடம் முதல் நான்கு வாரமும் வெற்றிலை மட்டுமே வாங்கினோம். அகத்தியைப் பற்றி ஏறும் கொடிக்காலைப் பற்றியும், கொழுந்து வெற்றிலையை ஈரத் துணியில் மடித்து வைக்கும் பக்குவத்தைப் பற்றியும் அவளிடம் பாடம் கேட்டோம். 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் சொன்னபோது, "அதுக்காகக் கவுளிக்கு ரெண்டு ரூபாய் கூடக் கொடுப்பீங்களா, வாத்தியாரே?" என்று கேட்டாள். ஐந்தாம் வாரம் அவளாகவே, "அந்தப் பெட்டி சும்மாத்தானே தொங்குது? எடுங்களேன்" என்றாள். படத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறு வாரம் தேங்காய்க் கடைக்காரரும் பூக்கட்டுகிறவரும் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சக்கரப் படித்துறையில் மாதம் ஒரு முறை ஒரே படியில் நின்று காவேரியையும் எடுத்து வருகிறோம். சித்திரையில் அங்கே மணல்தான். பையன்கள் மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மேட்டூர் அணை திறந்து சில நாளில் அதே இடத்தில் அவர்களே தலைகீழாகக் குதிக்கிறார்கள்.

நம் படங்களில் வேகமாக மாறி வருவது ஆறு அல்ல, திண்ணைதான். இராமானுஜன் உட்கார்ந்து கணக்குப் போட்ட வீட்டுத் திண்ணை நினைவகமாகப் பிழைத்துவிட்டது. மற்ற வீடுகளில் திண்ணையை இடித்துக் கடைக்கு இரும்புக் கதவு போடுகிறார்கள். வாடகை வருகிறதே, குற்றம் சொல்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? 2028-ல் மகாமகம் வருவதற்குள் இன்னும் பல மறைந்துவிடும்.

அப்படித் திண்ணையை இடித்த பெரியவர் ஒருவர், சென்ற மாதம் பள்ளிக்கூடத்துக்கே நம்மைத் தேடி வந்தார். தம் வீட்டு வாசலை நாம் முன்பு எடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் திண்ணைச் சிமெண்டில் ஆணியால் கீறிய ஆடுபுலிக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. கட்டம் போட்டது தம் தங்கை என்றும், அதற்காக அப்பாவிடம் அடி வாங்கியது தாம் என்றும் சொன்னார். பிறகு, "இன்னொரு பிரதி போட முடியுமா? அவள் திருச்சியில் இருக்கிறாள்" என்றார்.