மணிக்கட்டு நரம்பு ஆபரேஷனுக்குப் பிறகு: கை எப்போது மலைக்குத் திரும்பும்?



"ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்துப்போய் முழிப்பு வந்துருதுங்க. உதறி உதறித்தான் தூங்க வேண்டியிருக்கு." இந்தப் பேச்சைக் கேட்காத லயம் இருக்காது. வாதம் என்பார்கள், குளிர் என்பார்கள், தைலம் பூசிக்கொண்டு காலையில் மறுபடியும் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். சிலருக்கு அது வாதமும் இல்லை, குளிரும் இல்லை. மணிக்கட்டில் ஒரு நரம்பு நெரிபடுகிறது. டொக்டர்மார் இதைக் 'கார்பல் டனல்' என்று சொல்வார்கள். முற்றிய நிலையில் இதற்குச் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்வார்கள். ஆபரேஷன் சின்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்லாததால்தான் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள், இன்னும் பலர் அவசரப்பட்டுக் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்த முறை அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்ளங்கை தொடங்கும் இடத்தில் சின்னச் சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு வாய்க்கால் போல அமைந்திருக்கின்றன. அந்த வாய்க்காலுக்கு மேலே மூடி போட்ட மாதிரி ஒரு தடித்த பட்டை இருக்கிறது. அந்தக் குறுகிய வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருங்கிப் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் மூடி விலகிக் கொடுக்காது, எலும்பும் விலகாது. மெத்தென்று இருக்கும் நரம்புதான் நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொடுப்பது இந்த நரம்பு. சின்ன விரலுக்கு இதில் பங்கில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுவது எந்த விரல்களால்? இதே விரல்களால்தான்.

திரும்பத் திரும்ப மணிக்கட்டை மடக்குவதும், இறுக்கிப் பிடிப்பதும் இந்த நோயைத் தூண்டும். கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் ஆண்களுக்கும் வரும். கத்தரியால் கொழுந்து வெட்டும் தோட்டங்களிலும் வரும். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு வேலை இல்லாமலேயே வரலாம். கர்ப்பிணித் தாய்மாருக்கு வருவது பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகு தானாகவே போய்விடும், அவர்கள் ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். மற்றவர்களுக்கும் ஆரம்பத்திலேயே காட்டினால் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை அல்லது ஓர் ஊசி போதுமாக இருக்கலாம். அதையும் தாண்டியவர்களுக்கே கத்தி.

இன்று நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கொழும்பிலும் அதைச் சுற்றியும் வேலை செய்கிறார்கள். களனி கங்கையைத் தாண்டியதும் வரும் பேலியகொடையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் நாம் பறித்த கொழுந்து தூளாகி, பெட்டியில் அடைபட்டு வெளிநாடு போகும் வழியில் அந்தப் பக்கத்துத் தேயிலை ஆலைகளையும் பார்த்துவிட்டுத்தான் போகிறது. அங்கே பொதி கட்டுகிறவர்களுக்கும், பெரிய மீன் சந்தையில் விடியும் முன்பே குளிர்ந்த மீனையும் கத்தியையும் பிடிக்கிறவர்களுக்கும் இதே கை நோய் வரக்கூடியதுதான். அப்படி ஒரு பிள்ளை பேலியகொடையில் ஓர் அறை எடுத்து இருக்கிறான், தோட்டத்திலிருக்கும் தாயைக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கோ றாகமை ஆஸ்பத்திரிக்கோ கூட்டி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாயை மனதில் வைத்தே மீதியை எழுதுகிறோம். கண்டி, பேராதனை என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை.

அன்றைய நாள்

பெரும்பாலும் மயக்கம் கொடுப்பதில்லை. உள்ளங்கையில் மரப்பு ஊசி போடுவார்கள். அந்த ஊசி நன்றாகவே எரியும், அதை மறைத்துச் சொல்ல மாட்டோம். அதற்குப் பிறகு வலி இல்லை, இழுப்பது மட்டும் தெரியும். அந்தத் தடித்த பட்டையை வெட்டி விடுவதுதான் முழு வேலையும். நரம்பைத் தொடுவதில்லை, எலும்பைத் தொடுவதில்லை. அரை மணித்தியாலத்துக்குள் முடிந்து, தையல் போட்டு, கட்டுக் கட்டி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். "பட்டையை வெட்டினால் கை தொங்கிப் போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. வெட்டிய இடைவெளியில் புதுத் தசைநார் வளர்ந்து மூடும். இப்போது வாய்க்கால் மட்டும் அகலமாகிவிடும். இது நேற்று வந்த வைத்தியமும் இல்லை. ஜேம்ஸ் லேர்மந்த் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் இந்த ஆபரேஷனைப் பற்றி 1933ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்.

நீரிழிவு மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை பாவிப்பவர்கள் அதை முதல் கிளினிக்கிலேயே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கை வீங்கிய பிறகு மோதிரம் கழறாது.

முதல் இரண்டு நாளும் முதல் இரண்டு கிழமையும்

மரப்பு இறங்கியதும் வலிக்கத் தொடங்கும். தந்த மாத்திரையை வலி கூடும்வரை காத்திராமல் நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளும் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். படுக்கும்போது தலையணைக்கு மேல் தலையணை வைத்து அதன் மேல் கை. தொங்கவிட்டால் விரல்கள் வீங்கித் தெறிக்கும். கைக்குத் துணிப்பட்டை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே நாளெல்லாம் அசையாமல் இருப்பதும் சரியில்லை, தோள்பட்டை இறுகிப்போகும்.

விரல்களை அன்றைக்கே அசைக்க வேண்டும். இதைத்தான் நம்மவர்கள் அதிகம் தவற விடுகிறார்கள். கட்டுப் போட்ட கையைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பொத்தி வைக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது விரல்களை முழுக்க நீட்டி, முழுக்க மடக்கி, பெருவிரலால் மற்ற விரல்களின் நுனியைத் தொடுங்கள். அசைக்காத விரல் விறைத்துப்போகும், பிறகு அதை மடக்கப் படும்பாடு ஆபரேஷன் வலியைவிடப் பெரிது.

முதல் இரவிலேயே அல்லது சில நாட்களிலேயே ஒரு நல்ல மாற்றம் பலருக்குத் தெரியும். ராத்திரி எழுப்பிய அந்த மரப்பும் எரிச்சலும் போய்விடும். வருஷக் கணக்கில் உதறி உதறித் தூங்கியவர்கள் விடியும்வரை தூங்குவார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. "கை சுகமாயிருச்சு" என்று ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்துவிடுவார்கள்.

தையல் வெட்டும்வரை, அதாவது சுமார் 10 நாள் முதல் 14 நாள் வரை, காயத்தில் தண்ணீர் படக்கூடாது. குளிக்கும்போது பொலித்தீன் பையைக் கட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட, தலை வாற, கோப்பை பிடிக்க அந்தக் கையைப் பாவிக்கலாம். தேங்காய் துருவ, துணி பிழிய, விறகு பிளக்க, பீலியிலிருந்து குடம் தூக்கக் கூடாது. இந்த வேலைகளை வீட்டிலிருக்கும் ஆண்கள் செய்தால் மானம் போகாது. மாவு பிசைவதில் மகனும் புருஷனும் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும். காயத்தில் கோப்பித்தூள், சாம்பல், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள். பத்தியமும் தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு எல்லாம் புண் ஆற உதவும். பேலியகொடையில் இருந்துகொண்டு மீனை விலக்கி வைப்பது எந்த ஊர் நியாயம்?

காயம் சிவந்து, சூடாகி, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி நாளுக்கு நாள் கூடிக் கை பளபளவென்று வீங்கினாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. நீரிழிவுக்காரர்கள் இதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும்.

பஸ் பயணம் பற்றி ஒரு வார்த்தை. பேலியகொடையில் கண்டி வீதியில் நின்று பஸ்ஸை மறித்தால் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும். வளைவுகளில் கம்பியை எந்தக் கையால் பிடிப்பீர்கள்? பழக்கத்தில் ஆபரேஷன் செய்த கைதான் போகும். கோட்டைக்குப் போய், புறப்படும் இடத்திலேயே ஏறி உட்கார்ந்து வாருங்கள். கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. தையல் வெட்டிய பிறகு ஊருக்கு வருவது இன்னும் நல்லது. முடியாவிட்டால், தையலைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ வெட்டலாமா என்று கேட்டு, அதை டிக்கட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தையல் வெட்டிய பிறகு

இங்கேதான் பயம் தொடங்குகிறது. புண் ஆறிவிட்டது, வெளியில் பார்த்தால் ஒரு கோடுதான். ஆனால் உள்ளங்கையின் அடியில் இரண்டு பக்கமும், கையை ஊன்றி எழும்பும் இடத்தில், அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். "ஆபரேஷன் பிழைச்சுப் போச்சு" என்று லயத்தில் பேச்சு எழும்பும். பிழைக்கவில்லை. மூடியை வெட்டியதால் எலும்பும் தசையும் புது இடத்தில் அமர்வதற்குள் வரும் வலி இது. பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தணியும், சிலருக்கு அதைவிடக் கூட எடுக்கும். தழும்பு முதலில் தடித்துச் சிவந்து, தொட்டால் கூசும். புண் நன்றாக மூடிய பிறகு, நாளுக்கு மூன்று நான்கு தரம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, பெருவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்து விடுங்கள். கூச்சம் குறையும், தழும்பும் மெதுவாகும். மலையின் குளிரில் அது உளைவது உண்டு. துணி சுற்றிக்கொண்டால் போதும்.

பிடி பலமும் உடனே வராது. ஆபரேஷனுக்கு முன் இருந்த பலத்தைவிட முதல் சில கிழமைகள் குறைவாகத்தான் இருக்கும். பழைய நிலைக்கு வர மூன்று மாதம், ஆறு மாதம் என்று போகும். போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை என்று அழ வேண்டாம். பிழிந்த ஈரத்துணியை உருட்டிக் கையில் வைத்து மெல்ல அமுக்கிப் பழகலாம்.

இனி விரல் நுனியின் உணர்ச்சி. விட்டுவிட்டு மரத்தவர்களுக்கு இது சீக்கிரம் திரும்பும். பகலிலும் இரவிலும் மரத்தே கிடந்தவர்களுக்கு நேரம் எடுக்கும். சேதப்பட்ட நரம்பு இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை 18 சென்டிமீட்டர் என்றால், 180 நாள். கணக்குப் போட்டால் ஆறு மாதம். அதற்கு மேலும் ஆகலாம். வளரும்போது சுரீர் சுரீரென்று ஊசி குத்துவது போலிருப்பது சகஜம். அதுவரை அடுப்படியில் கவனம். சூடு தெரியாத விரலால் சட்டியைப் பிடித்துக் கொப்புளம் போட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பெருவிரலின் அடித்தசை வற்றிக் குழி விழுந்த பிறகு வருகிறவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தசையும் உணர்ச்சியும் முழுக்கத் திரும்பாமல் போகலாம். அவர்களுக்கு ஆபரேஷன் இருப்பதைக் காப்பாற்றும், ராத்திரி வேதனையை நிறுத்தும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், கொழுந்து கையிலிருந்து நழுவி விழத் தொடங்கினாலே டிஸ்பென்சரியில் காட்டிக் கடிதம் வாங்கி வர வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

எப்போது பேருக்குப் போகலாம்?

நாட்சம்பளக்காரருக்கு எல்லாக் கேள்வியும் இந்த ஒரு கேள்விதான். கந்தோரில் உட்கார்ந்து எழுதுகிறவர் இரண்டு மூன்று கிழமையில் போய்விடலாம். இறுக்கிப் பிடிக்கும் வேலை, பாரம் தூக்கும் வேலை செய்கிறவருக்கு ஆறு கிழமை முதல் மூன்று மாதம் வரை ஆகும். கொழுந்து பறிப்பதை இதில் எங்கே வைப்பது? ஒரு கொழுந்தைக் கிள்ளுவது லேசுதான். நாள் முழுக்கப் பல ஆயிரம் தரம் கிள்ளி, நிறைந்த பையைத் தூக்கி, நிறுவைக்குக் கொண்டுபோவது லேசு இல்லை. எங்கள் எண்ணத்தில் ஆறு கிழமைக்கு முன் மலைக்குப் போவது கைக்கு நல்லதல்ல. கவ்வாத்துக்கு இன்னும் தள்ளியே போக வேண்டும்.

அதனால் கிளினிக்கில் மெடிக்கல் கேட்கும்போது வெறுமனே "ஓய்வு" என்று எழுதி வாங்காதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை டொக்டருக்குக் கையால் செய்து காட்டுங்கள். எத்தனை கிழமைக்குப் பறிக்கக் கூடாது, எத்தனை கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி வைத்திய உதவியாளரிடம், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். லேசான வேலை தருகிறோம் என்று சொல்லிச் சுரண்டியைக் கையில் கொடுத்துப் புல்லுக்கு அனுப்பினால், அது லேசான வேலை ஆகாது. சுரண்டி பிடிப்பதும் இறுக்கிப் பிடிப்பதுதான். கணக்கப்பிள்ளை ஐயாவிடமும் தலைவரிடமும் கடிதத்தைக் காட்டிப் பேசுங்கள். திரும்பிப் போகும் முதல் கிழமையில் அரை நாள் பறித்துப் பார்க்க முடிந்தால் நல்லது. அன்று ராத்திரி கை வீங்காமல் இருந்தால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம்.

இரண்டு கையிலும் இந்த நோய் உள்ளவர்கள் நிறையப் பேர். ஒரே நாளில் இரண்டையும் செய்து முடித்தால் அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் இரண்டு கையிலும் கட்டோடு சோறு பிசைவது எப்படி, கக்கூசுக்குப் போவது எப்படி என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அதனால் பெரும்பாலும் ஒரு கை தேறிய பிறகே மற்றக் கைக்குத் திகதி கொடுப்பார்கள். எந்தக் கை முதலில் என்று டொக்டர் கேட்டால், ராத்திரி அதிகம் எழுப்புகிற கையைச் சொல்லுங்கள்.