கரிசலுக்கு மின்கம்பி வந்தது, விளாத்திகுளத்துக்கு வண்டி எப்போது?

தாது வருஷத்துப் பாதை

மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876-ல். தாது வருஷப் பஞ்சம் பிடித்ததும் அதே ஆண்டில்தான். சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று பாதை மேற்கோரமாகவே போய்விட்டது. கிழக்கே இருக்கும் விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் விளாத்திகுளத்துக்காரர் ரயிலேற வேண்டுமானால் எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்கோ, தெற்கே தூத்துக்குடிக்கோ பஸ் பிடித்துத்தான் போக வேண்டும்.

கொழும்புக்குப் போன வழி

சென்னையிலிருந்து கொழும்பு செல்பவர்களை ஏற்றிவந்த போட் மெயில் 1914 வரை நம் கரிசல் பாதையில்தான் ஓடியது. தூத்துக்குடியில் இறங்கி அங்கே கப்பலேறினார்கள். பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுடப்பட்டபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டியில் உட்கார்ந்து போட் மெயிலுக்காகக் காத்திருந்தார். அந்த நிலையம்தான் இன்றைய வாஞ்சி மணியாச்சி.

388-ல் நம் பங்கு

இந்தியாவில் முதல் மின்சார ரயில் ஓடியது 1925 பிப்ரவரி 3-ல், பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1931-ல், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார வண்டி வந்தது. சுதந்திரம் வாங்கியபோது நாடு முழுக்க மின்மயமான பாதை 388 கி.மீ.தான். அதில் சென்னையின் பங்கு 29 கி.மீ. அளவு, மற்றதெல்லாம் பம்பாய்ப் பக்கம்.

இந்தியாவிலேயே மின்சாரம் பாய்ந்த மீட்டர் கேஜ் சென்னையில் தொடங்கி விழுப்புரம் வரை போன அந்தப் பாதை ஒன்றுதான். 2004 ஜூலையோடு சென்னையில் கடைசி மீட்டர் கேஜ் மின்தொடர் வண்டியும் நின்றது.

தாம்பரம் பாதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1931-ல் அந்த வழிநெடுக இன்றைய கூட்டம் இருந்ததில்லை. வயலும் ஏரியும் தோப்புமாகக் கிடந்த இடங்களில், வண்டி வந்த பிறகுதான் வீடு வந்தது, கடை வந்தது, பள்ளி வந்தது. கூட்டம் இல்லை என்று சொல்லி அன்று நிறுத்தியிருந்தால் தென்சென்னை இன்றைய உருவத்தில் இருந்திருக்காது.

ஊதும் மண்ணில் ஊன்றிய கம்பம்

கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதிப் பெருக்கும். மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் நீரை உறிஞ்சி விரிவதே காரணம். பருத்திக்கும் மல்லிக்கும் மிளகாய்க்கும் இது வரம். ஆனால் கம்பம் நடுபவருக்குப் பெரும் தலைவலி. அதனால் ரயில்வேயின் மின்கம்பங்களுக்குக் கரிசல் மண்ணுக்கென்றே தனி அடித்தள வடிவமைப்பு இருக்கிறது. மேல்மண்ணின் அசைவு கம்பத்தைச் சாய்த்துவிடாதபடி அடித்தளம் அமைக்கிறார்கள். தண்டவாளத்துக்கும் அப்படித்தான். ஜல்லிக்குக் கீழே தேர்ந்த மண்ணால் ஒரு தனி அடுக்கு போட்டு, கரிசலின் ஊதலை அடக்குகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு 2010-களில் மதுரை, தூத்துக்குடி, நாகர்கோவில் பாதைகளுக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி வந்து சேர்ந்தது. பெரிய செலவு, பெரிய உழைப்பு. அதன் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பதே என் கேள்வி.

கம்பி வேண்டுமா, டீசலே போதுமா?

2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, மீதமிருந்த 13,675 கி.மீ. அகலப்பாதையையும் மின்மயமாக்க 12,134.5 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அப்போது எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. நாளைக்கு நாலு வண்டி ஓடும் கிளைப்பாதைக்குக் கம்பி எதற்கு? நல்ல நிலையில் இருக்கும் டீசல் இஞ்சின்களை என்ன செய்வது? புயலில் கம்பி அறுந்தால்?

புயல் கேள்வி உண்மையானது. 2019 மே மாதம் ஃபானி புயல் பூரியில் மின்கம்பிகளைச் சின்னாபின்னமாக்கியது. ஆனால் நம் பக்கத்து அனுபவம் வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் பாதையில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியே அடித்துக்கொண்டு போனது. செந்தூர் எக்ஸ்பிரஸின் பயணிகள் சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டார்கள், பக்கத்து ஊர் மக்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். பாதையே இல்லாதபோது டீசல் இஞ்சினாலும் ஒன்றும் ஆகாது. கம்பியைக் குறை சொல்வதைவிட வாய்க்கால், பாலம், கரை ஆகியவற்றைக் கவனிப்பது நமக்கு அவசரம்.

டீசலா மின்சாரமா என்ற வழக்கு கோவில்பட்டியைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. கம்பி வந்துவிட்டது. அதன் கீழே எத்தனை குறுந்தூர வண்டி ஓடுகிறது என்பதுதான் மிஞ்சியிருக்கும் வழக்கு. இதை யாரும் போதிய அளவு பேசவில்லை.

காற்றிலிருந்து ரயில்பெட்டி

சென்னைப் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்கு வேண்டிய மின்சாரத்துக்காகத் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் பக்கம் கஸ்தூரிரெங்கபுரத்தில் 10.5 மெகாவாட் காற்றாலைகள் சுழல்கின்றன. ரயில்பெட்டி செய்யத் தென்பாண்டிக் காற்று உதவுகிறது. அங்கே செய்யும் மெமு (தனி இஞ்சின் இல்லாமல் குறுந்தூரம் ஓடும் மின்தொடர் வண்டி) பெட்டிகளில் சிலவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

நின்று நின்று போகும் வண்டிக்கே மின்சாரம் அதிகம் உதவும்

வந்தே பாரத் வேகமாகப் போவதைப் பார்த்து, மின்சாரத்தின் அருமை நெடுந்தூர வண்டிக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி ஒருமுறை வேகமெடுத்தால் ஐம்பது, நூறு கி.மீ. நிற்காமல் போகும். ஆறேழு கி.மீ.-க்கு ஒருமுறை நின்று கிளம்பும் வண்டிக்குத்தான் கிளம்பும் வேகம் முக்கியம். இஞ்சின் பூட்டிய பாசஞ்சரில் முழுப் பாரத்தையும் முன்னால் ஒரு இஞ்சின் இழுக்கிறது. மெமு வண்டியிலோ நான்கு பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் மோட்டார் பெட்டிகள் பகிர்ந்திருக்கின்றன. கிளம்பியதும் சட்டென்று வேகம் பிடிக்கும். முனைக்குப் போனால் இஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலை இல்லை. ஓட்டுநர் இறங்கி அந்தப் பக்கம் போய் ஏறினால் போதும். புதிய வகை மும்முனை மின்மோட்டார் வண்டிகள் பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தரும். எத்தனை நிறுத்தமோ அத்தனை முறை கொஞ்சம் மின்சாரம் மீளும்.

நள்ளி, குமாரபுரம், இளவேலங்கால் போன்ற சின்ன நிலையங்களுக்காகவே பிறந்த வண்டி இது. இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ என்றே ஒரு சிறுகதை எழுதினார். காட்டுக்குள் கிடக்கும் அந்த நிலையம் எதற்கு என்ற கேள்வியும், கிராமத்துப் பிள்ளைகள் கோவில்பட்டிப் பள்ளிக்காக ரயிலேறும் பயணமும் அதில் உண்டு. போக்குவரத்துக் கணக்கு போடும் அதிகாரிகள் வாசிக்க வேண்டிய கதை.

சும்மா நிற்கும் வண்டியை நீட்டினார்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து மாலையில் கிளம்பும் ஒரு மெமு, இரவு வேலூர் கன்டோன்மென்ட் வந்து, விடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தது. 2024 மே மாதம் அதையே திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். நள்ளிரவில் போய்ச் சேர்ந்து, அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிச் சென்னை திரும்புகிறது. நீட்டியபோது கட்டணம் 50 ரூபாய். இதற்காகப் புது வண்டி வாங்கவில்லை, புதுப் பாதையும் போடவில்லை. வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் பாதையில் கம்பி இருந்தது, வண்டிக்கு ஓய்வு நேரம் இருந்தது. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

தெற்கே கொல்லத்தில் 2013 முதல் மெமு பணிமனை இருக்கிறது. அங்கிருந்து கன்னியாகுமரி வரை மெமு வந்துபோகிறது. நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் இடையே கம்பி இருக்கிறது. மதுரை, மணியாச்சி, தூத்துக்குடி, நாகர்கோவில் பாதைகளில் இரட்டைத் தண்டவாளமும் அண்மையில் வந்துவிட்டது. ஒற்றைப் பாதைக் காலத்தில், எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் நள்ளியிலோ கடம்பூரிலோ கிடக்கும். மோர் விற்பவர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போவார், வண்டி நகராது. குறுந்தூர வண்டிக்கு இடமில்லை என்று அன்று சொன்னதை ஒப்புக்கொள்ளலாம். இன்று அதே பதிலைச் சொன்னால் ஏற்பதற்கில்லை. காலையில் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும், தூத்துக்குடிக்கு மணியாச்சி வழியாகவும் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் மெமு வேண்டும். மதுரைக் கோட்டத்துக்குள்ளேயே ஒரு மெமு பணிமனை வேண்டும். பக்கத்தில் பணிமனை இருந்தால்தான் வண்டியை நம்பிக் கால அட்டவணை போட முடியும்.

பத்து ரூபாயும் முப்பது ரூபாயும்

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்கள் பலவும் எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டி என்று பெயர் மாறின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. அதே பெட்டி, அதே நிறுத்தம், அதே வேகம். 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. தீப்பெட்டி ஆபீசில் கூலி வாங்கும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குப் போக 20, வர 20 மிச்சம் என்பது சின்ன விஷயமல்ல.

143.5 கி.மீ. கனவு

இனி விளாத்திகுளத்தின் சொந்த விஷயம். மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, புதூர், விளாத்திகுளம், குளத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு 143.5 கி.மீ. புதிய பாதைக்கு 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. தெற்கு முனையில் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை 18 கி.மீ. போட்டு முடித்தார்கள். அதற்கு வடக்கே, விளாத்திகுளத்தை நோக்கி, வேலை நகரவில்லை.

2025 ஜனவரியில் இந்தப் பாதையை மாநில அரசே வேண்டாமென்று சொல்லிவிட்டது என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னதாகச் செய்தி வந்தது. மாநில அரசு உடனே மறுத்தது. தனுஷ்கோடிப் பாதையைப் பற்றிச் சொன்னது இரைச்சலில் மாறிக் கேட்டுவிட்டது என்று பிறகு விளக்கம் வந்தது. விளக்கம் வந்ததில் மகிழ்ச்சி, ஆனால் விளக்கத்தில் ரயில் ஓடாது.

இப்பாதைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம், பயணிகளும் சரக்கும் போதாது என்பது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ஏற்கெனவே ஒரு இரட்டைப் பாதை இருக்கிறதே என்பது இன்னொன்று. இரண்டையும் மறுக்கிறேன். இருக்கிற பாதை விளாத்திகுளத்துக்காரருக்கு உதவாது. சரக்கு இல்லையென்றும் சொல்ல முடியாது. தெற்கே துறைமுகம் இருக்கிறது. வழிநெடுக வற்றல், மல்லி, உளுந்து, பாசி, கம்பு, பருத்தி விளைகின்றன. இன்று இவையெல்லாம் லாரியில் நான்குவழிச் சாலைக்குப் போகின்றன. ரயில் இல்லாத ஊரில் ரயில் பயணிகளை எண்ணினால் விடை எப்போதும் பூஜ்யம்தான் வரும்.

போடிநாயக்கனூரைப் பாருங்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடிய பாதை தேனி வரை 2022-லும் போடி வரை 2023-லும்தான் திறந்தது. 2025 ஜூலையில் மதுரையிலிருந்து போடி வரை 90 கி.மீ. மின்மயமாக்கலும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தேனி மாவட்டத்து மக்கள் கோரிக்கையை ஒருநாளும் விட்டுவிடவில்லை.

முழுப் பாதையும் ஒரே மூச்சில் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மேலமருதூரில் நிற்கும் தண்டவாளத்தை முதலில் குளத்தூருக்கும் விளாத்திகுளத்துக்கும் நீட்டலாம். போடும்போதே கம்பியோடு போட்டால், தூத்துக்குடிக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு மெமு உடனே ஓடும். அருப்புக்கோட்டைக்கு ஏற்கெனவே விருதுநகர், மானாமதுரை பாதை இருப்பதால் வடபாதி அடுத்து வரலாம்.

சீசன் டிக்கெட் எல்லை

ரயில்வேயின் மாத சீசன் டிக்கெட் பொதுவாக 150 கி.மீ. வரை கிடைக்கும். கோவில்பட்டியிலிருந்து மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மூன்றுமே அந்த எல்லைக்குள் அடங்கும். அருப்புக்கோட்டை வழிப் புதிய பாதையின் மொத்த நீளமே 143.5 கி.மீ. அதாவது அந்தப் பாதையில் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கும் சீசன் எடுத்துத் தினமும் போய்வரலாம். விளாத்திகுளத்துப் பிள்ளை தூத்துக்குடிக் கல்லூரிக்கு ஹாஸ்டல் செலவில்லாமல் வீட்டிலிருந்தே போய்வர முடியும்.