பால் மறந்த குழந்தை

மாலையில் வீட்டார் யாவரும் ஒருங்கே அமர்ந்து வேதம் வாசித்துச் செபிக்கும் வழக்கம் நம் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. அச்செபங்களைச் சற்றே உற்றுக் கேட்போமாயின் ஒன்று புலனாகும். மகனின் பரீட்சை, தகப்பனாரின் உத்தியோகம், பாட்டியாரின் முழங்கால் நோவு என விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; ஈற்றில் 'தோத்திரம்' என்னும் ஒரு சொல்லோடு யாவும் முடிந்துவிடும். கேட்பது குற்றமன்று, அன்றன்றைய அப்பத்தைக் கேட்கும்படி ஆண்டவரே கற்பித்தார். ஆயினும், கேட்பதோடு நின்றுவிடும் பக்தி வளர்ந்த பக்தியாகுமோ?

131ஆம் சங்கீதம் மூன்றே வசனங்கள் கொண்டது. அதனைப் பாடியவர் தம் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். பால்குடிக் குழந்தை தாயை நாடுவது பாலுக்காக. பால் மறந்த குழந்தையோ தாய்க்காகவே தாயின் மடியில் அமர்ந்திருக்கும். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கச் செய்த அன்னையர், அந்நாட்களின் அழுகையை அறிவர். கேட்டது கிடையாத காலத்தில் நாமும் அவ்வாறே அழுகிறோம்.

அவ்வழுகையைச் சங்கீதப் புத்தகம் மறைக்கவில்லை. எபிரேயர் அந்நூலுக்கு இட்ட பெயர் 'தெகில்லீம்', அதாவது துதிகள். ஆனால் அதிலுள்ள 150 பாடல்களுள் முறையீடுகளும் புலம்பல்களும் மிகப் பல. 13ஆம் சங்கீதம், இன்னும் எத்தனை காலம் என்னும் கேள்வியை நான்கு முறை எழுப்புகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. இவற்றையும் துதிகள் என்றே அம்மக்கள் பெயரிட்டனர். மனக்குறையை மூடி வைத்துவிட்டு உதட்டளவில் பாடுவதைக் காட்டிலும், அக்குறையைத் தேவனிடமே கொண்டு செல்வது மேலான வழிபாடு என்பது எமது துணிபு.

ஆசாபின் 73ஆம் சங்கீதத்தை மாணவர்கள் பொறுமையுடன் வாசித்தல் நன்று. தீயோர் கொழுத்து வாழ்வதையும் தாம் நாடோறும் வருந்துவதையும் கண்டு அவர் பொறாமை கொள்கிறார். தூய்மையாக வாழ்ந்தது வீணோ என்றுகூட எண்ணுகிறார். 28 வசனங்கள் கொண்ட அப்பாடல் 17ஆம் வசனத்திலே திரும்புகிறது. அங்கே அவர் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துட் புகுகிறார். தீயோருடைய செல்வம் அப்பொழுதே அழிந்ததாகவோ, அவருடைய துன்பம் தீர்ந்ததாகவோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. மாறியது அவருடைய பார்வையே. தேவனிடமிருந்து பெறுவனவற்றை எண்ணிக்கொண்டிருந்தவர், தேவன் தமக்கு இருக்கிறார் என்பதே போதுமென்ற நிலையை அடைகிறார். பிலிப்பி நகரச் சிறையிலே, அடிபட்ட உடலும் தொழுவில் மாட்டிய கால்களுமாய் நள்ளிரவிற் பாடிய பவுலும் சீலாவும் நின்ற நிலையும் இதுவே. சிறைக் கதவுகள் திறந்தது அவர்கள் பாடிய பின்னரன்றோ!

ஒலிபெருக்கியின் ஓசையைக் கொண்டு ஆராதனையின் ஆழத்தை அளப்போரும் நம்மிடையே உளர். எக்காளமும் யாழும் தம்புரும் கைத்தாளமும் 150ஆம் சங்கீதத்தில் இடம்பெறுகின்றன. ஆகையால் வாத்தியங்களை நாம் குறைகூறோம். ஆனால் அந்த முழக்கம் நூலின் கடைசிப் பாடலில் எழுவது. புலம்பலையும் மௌனத்தையும் கடந்து வந்தவர்களின் முழக்கம் அது.

வீட்டிலே இதனைப் பழகுவதற்கு 103ஆம் சங்கீதம் தக்க துணை. அதன் 22 வசனங்களில் ஒரு விண்ணப்பமேனும் இல்லை. பாடுகிறவர் தம் ஆத்துமாவையே விளித்து, பெற்ற நன்மைகளை மறவாதே என்று அதற்குப் புத்தி சொல்கிறார். வாரத்தில் ஒரு மாலையேனும் எதனையும் கேளாமல், நன்றியும் துதியும் மாத்திரமே கூறும் செபத்தை நடத்திப் பார்க்கலாம். முதல் வாரம் பெரியவர்களுக்குச் சொல் எழாது, நெடுநேரம் மௌனமாயிருப்பர். அம்மௌனத்தைக் கலைத்து, கிணற்றடியில் உண்ட மாம்பழத்துக்காகவும் அன்று வந்த மழைக்காகவும் தோத்திரம் சொல்லத் தொடங்குபவர் பெரும்பாலும் வீட்டின் சின்னஞ்சிறியவராகவே இருப்பர்.