நம் உடலில் ஊறும் ஆனந்தமைடு

“இரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாகக் கஞ்சா எண்ணெய் உட்கொள்ளலாமா?” என்று புறநோயாளிகள் பிரிவில் சிலர் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். கஞ்சாவை ஒத்த பொருள் நம் உடலிலேயே சுரக்கிறது என்றும், அது இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்றும் அவர்கள் கேள்வியுற்றிருக்கின்றனர். கேள்வியுற்றது உண்மையே, அதிலிருந்து எட்டிய முடிவுதான் பிழை.

1992ஆம் ஆண்டு, ஜெருசலேமிலுள்ள ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ரஃபேல் மெக்கூலமின் குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். கஞ்சாவின் போதைப்பொருள் பொருந்தும் அதே ஏற்பியில் இதுவும் பொருந்தியது. ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர்.

இப்பொருள் தமனிகளை எவ்வாறு தளர்த்துகிறது? அதற்குரிய வழிகளுள் ஒன்றை 1999இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் விலங்குகளின் தமனிகளில் கண்டறிந்தனர். தமனிச் சுவரை ஒட்டிய உணர்வு நரம்புகளில் ஓர் ஏற்பி உண்டு. மிளகாயின் காரத்தை நம் நாக்கு உணர்வதும் அதே வகை ஏற்பியால்தான்! ஆனந்தமைடு அதைத் தூண்டியதும் நரம்பு முனைகள் ஒரு புரதக்கூறை வெளியிடுகின்றன. தமனியின் தசை தளர்ந்து, குழாய் விரிகிறது.

உடல் இதனைத் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும்போது மட்டுமே உண்டாக்குகிறது. நொதிகள் விரைவில் சிதைத்தும் விடுகின்றன. வெளியிலிருந்து செலுத்தும்போது நிலைமை வேறு. மயக்கமூட்டிய எலிகளின் இரத்தத்தில் ஆனந்தமைடைச் செலுத்தியபோது அழுத்தம் சிறிது நேரம் வீழ்ந்து, பின் உயர்ந்து, மீண்டும் இறங்கியது. இத்தகைய ஏற்ற இறக்கத்தை இரத்த அழுத்த மருந்தாக எவ்வாறு கொள்வது?

கஞ்சாவோ உடலெங்கும் பரவி நெடுநேரம் தங்குகிறது. இதயத் துடிப்பு விரைகிறது. இதயத் தமனி நோயுள்ளோருக்கு நெஞ்சுவலி தோன்றக்கூடும். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கையில் அழுத்தம் சட்டெனக் குறைந்து மயங்கி விழுவோரும் உண்டு. வார்ஃபரின் உட்கொள்வோருக்குக் கஞ்சா எண்ணெயால் அம்மருந்தின் வீரியம் மிகுந்து இரத்தக்கசிவு நேரலாம்.

மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்தானது. குறிப்பாக, இதயத் துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும்.

வீட்டில் எவரேனும் இத்தகைய எண்ணெயையோ இலையையோ பயன்படுத்தி வந்தால், அடுத்த முறை வருகையில் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். மருந்தின் அளவைச் சரியாக வகுக்க அத்தகவல் எங்களுக்குத் தேவை. அந்தக் குப்பியையும் உடன் கொண்டு வாருங்கள்.