வெள்ளைக்காரன் பட்டாளத்துத் தாத்தா

வெள்ளைக்காரனை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்த தாத்தாவின் படம் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த தாத்தாவுக்குக் கிடைப்பது ஒரே வரி: “பர்மாவுல இருந்தாராம்.” அதற்குமேல் பேரப்பிள்ளைகள் கேட்பதில்லை. வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கியவர் என்ற கூச்சம் பல வீடுகளின் வாயைக் கட்டிவிட்டது. சில வீடுகளில் மூன்றாம் தலைமுறை அவரைச் சத்தமில்லாமல் ஐ.என்.ஏ.வுக்கே மாற்றிவிட்டது. அங்கேதான் எனக்குப் பயம். மாற்றியபின் அவர் உண்மையில் பட்ட பாட்டைச் சொல்ல யாரும் மிஞ்சமாட்டார்கள்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் 1939-ல் இருந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். 1945-ல் 25 லட்சத்தை எட்டியது. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. 87,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. கூச்சப்படுகிறவர்கள் சிங்கப்பூரை நினைத்துப் பார்க்கட்டும். 1942 பிப்ரவரி 15 அன்று அந்த ஊர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். ஏராளமானோர் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூகினி வரை கப்பலேற்றப்பட்டு, பட்டினியோடும் காய்ச்சலோடும் கூலி வேலை செய்தார்கள். நேற்றுவரை ஒரே பட்டாளத்துச் சோறு தின்றவர்கள்தான் இரண்டு பக்கமும்.

எங்கள் அம்மாச்சி சொன்ன கதைகளில் துப்பாக்கியே வராது. தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் ஆள். “ரோடு போட்டாரு. பாலம் கட்டுனாரு. மழை அடிச்சிட்டுப் போச்சுன்னா மறுபடி கட்டுனாரு” என்பார் அம்மாச்சி. கோவேறு கழுதை சேற்றில் புதைந்தது, அட்டை கடித்தது, அரிசி மூட்டை நனைந்து முளைவிட்டது என்று கதை நீளும். 1944-ல் இம்பால், கோஹிமா சண்டைகளுக்குப் பிறகு பர்மாவுக்குள் திரும்ப நுழைந்த படைக்குப் பாதையும் பாலமும்தான் உயிர். கண்ணிவெடியைக் கையால் தோண்டி எடுத்ததும் இந்தச் சாப்பர்கள்தான்.

வாய்மொழிக் கதையில் மிகை கலக்கும், ஆவணமே நம்பகமானது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் எந்த ஆவணத்தில் அம்மாச்சி இருக்கிறார்? ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் தட்டுப்பாடு, பிறகு ரேஷன். அந்த வருடங்களில் தாத்தா அனுப்பிய மணியார்டரில்தான் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், கைக்குழந்தை எல்லோருக்கும் அடுப்பு எரிந்தது. தபால்காரர் ஒரு மாதம் வராவிட்டால், பணம் தாமதமா, ஆளே இல்லையா என்று புரியாமல் அம்மாச்சி வாசலிலேயே நிற்பாராம். அதையும் போர்க்காலச் சேவையில் சேர்த்தே நான் எழுதுவேன்.

இன்று அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தச் சிப்பாய்களின் பிள்ளைகள்தான். அவர்களுக்கே எண்பதைத் தாண்டிவிட்டது. பரணில் டிரங்குப் பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பட்டாள எண்ணும் சேர்ந்த தேதியும் இருக்கும். ஆனால் முதலில் பெரிய அத்தையிடம் போய் உட்காருங்கள். எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்காதீர்கள். மணியார்டரை யார் கைநாட்டு வைத்து வாங்கினார்கள், கடுதாசியை யார் படித்துக் காட்டினார்கள், திரும்பி வந்த அன்று அவரை முதலில் அடையாளம் கண்டது யார் என்று கேளுங்கள்.